ஜெரானியம் முகர்ந்தால் மனச்சோர்வு தீருமா?

மாயிதோ மருமகள் | சனி, காலை 6.50

போன வாரம் இங்க தூக்கமின்மை பத்திப் பேச்சு வந்தப்ப ஒருத்தர் எழுதினார்: "வாசனை எண்ணெயை வச்சு மனசைச் சரி பண்றேன்னு சொல்றவங்க எல்லாரும் ஏமாத்துக்காரங்க." படிச்சதிலேர்ந்து மனசு ஆறல. நான் காரைக்கால்ல பொறந்தவ. பிரான்ஸைச் சேர்ந்த ரெயூனியன் தீவுல, மாயிதோ மலைக்குப் போற வழியில இருக்கற பெத்தித் ஃபிரான்ஸ்ங்கற ஊர்ல, ஜெரானியம்ங்கற வாசனைச் செடியிலேர்ந்து எண்ணெய் வடிக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டு 14 வருஷம் ஆச்சு. எங்க வீட்டுச் சோறு அந்தக் கொப்பரையிலேர்ந்துதான் வருது. அதனால நான் பேசியே ஆகணும்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். எண்ணெய் பூவுல இல்ல, இலையில இருக்கு. விடிகாலையில அறுத்த இலையைக் கொப்பரைக்குள்ள கொட்டி, மேல ஏறி நின்னு மிதிச்சு இறுக்கணும். அடியில அகாசியா விறகு எரியும். இந்தத் தீவுக்கு அந்த மரத்தைக் கொண்டுவந்து வளர்த்ததுக்கு ஜெரானியம் அடுப்பு ஒரு பெரிய காரணம். ஆவி மேல கிளம்பி, சுருள் குழாய் வழியா குளிர்ந்த தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கி, சொட்டுச் சொட்டா விழும். தண்ணி கீழ, எண்ணெய் மேல. 300லேர்ந்து 500 கிலோ இலை போட்டா ஒரு லிட்டர் கிடைக்கும். புதுசா வடிச்சதுல வேக வச்ச முட்டைக்கோஸ் வாடை ஒண்ணு இருக்கும், மூடியைத் திறந்து வச்சா சில நாள்ல போயிடும். அப்புறம் வர்ற வாசம் இருக்கே, ரோஜாவும் எலுமிச்சையும் ஈர மண்ணும் சேர்ந்த மாதிரி.

தலைநகர் சேன்-தெனிலேர்ந்து ஆபீஸ் வேலை பார்க்கறவங்க வருவாங்க, முகம் கல்லு மாதிரி இருக்கும். கொப்பரை பக்கத்துல கால் மணி நேரம் உக்காந்தா தோள் இறங்கறதை நானே பார்த்திருக்கேன். இதுக்குக் காரணமும் இருக்கு. பார்க்கறது, கேட்கறது எல்லாம் மூளையில தலாமஸ்ங்கற வாசலைத் தாண்டித்தான் உள்ள போகுது. வாசம் மட்டும் மூக்கு நரம்பு வழியா, பயத்தையும் ஞாபகத்தையும் கையாளற அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பக்கம் நேரா போயிடுது. கத்தோஃபோசேங்கற பிரெஞ்சு வேதியியலாளர் 1937லேயே இதுக்கு அரோமாதெரபின்னு பேர் வச்சார். வியன்னாவுல பல் டாக்டர்கிட்ட காத்திருந்த 200 பேரை வச்சு 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆரஞ்சு வாசமும் லேவண்டர் வாசமும் அவங்க பதற்றத்தைக் குறைச்சுது. லேவண்டர் எண்ணெய் தூக்க மாத்திரைக்குச் சமம்னு ஜெர்மனியில நிரூபிச்சே இருக்காங்க.

இதையெல்லாம் ஏமாத்துன்னு சொல்றவங்க முதல்ல ஒரு நாள் மேல வாங்க.

ஃபார்மசிக்காரி | சனி, காலை 9.15

அக்கா, உங்கள் உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ரெயூனியன் ஜெரானியத்துக்கு உலகத்தில் இருக்கும் பேர் சும்மா வந்ததில்லை. ஆனால் கடைசியில் எழுதியிருக்கும் அந்த ஜெர்மன் ஆய்வை நான் விட முடியாது. ஃபார்மசி கவுண்டரில் வாரத்துக்கு நாலு பேராவது இதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

அந்த ஆய்வுகளில் யாரும் எதையும் முகரவில்லை. விழுங்கினார்கள். சைலெக்ஸான் என்று அளவு சரிபார்த்துத் தயாரித்த லேவண்டர் எண்ணெய், 80 மில்லிகிராம் கேப்ஸ்யூல். 2010ல் வந்த ஆய்வில் அதைப் பதற்றம் தணிக்கும் லோரஸிபாம் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். அந்த லோரஸிபாமின் அளவு நாளுக்கு அரை மில்லிகிராம்தான், மிகக் குறைவு. 2014ல் வந்தது பெரிய ஆய்வு: 539 பேர், 10 வாரம், பதற்றத்துக்குத் தரும் பராக்ஸிடின் மாத்திரையோடும் மருந்தில்லாத வெறும் மாத்திரையோடும் ஒப்பீடு. பலன் நன்றாகவே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவை எல்லாம் பதற்ற நோய் உள்ளவர்களிடம் செய்தவை, நீங்கள் தலைப்பில் கேட்டிருக்கும் மனச்சோர்வுக்கு அல்ல. பணம் போட்டதும் அதைத் தயாரிக்கும் கம்பெனி. அந்த முடிவை எடுத்து ஜெரானியம் பாட்டிலின் மேல் ஒட்ட முடியாது. லேவண்டரில் லினலூல், லினலைல் அசிடேட் முக்கியம். ஜெரானியத்தில் சிட்ரோனெலால், ஜெரானியால். வேறு செடி, வேறு சரக்கு, வேறு வழி.

முகர்ந்து பார்க்கும் ஆய்வுகளில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. மாத்திரை என்றால் உண்மை மருந்து எது, வெறும் மாவு எது என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம். வாசத்தை எப்படி மறைப்பது? மூக்கு சொல்லிவிடுமே. 2008ல் ஒரு ஆய்வு வந்தது. லேவண்டரை முகரக் கொடுத்து, சிலரிடம் இது மனதைத் தளர்த்தும் என்றார்கள், சிலரிடம் எதிர்மாறாகச் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உடம்பின் தளர்வு மாறியது. எண்ணெயின் பங்கு தனியாகத் தெரியவில்லை.

இன்னொன்று, மிக முக்கியம்: ஆய்வில் விழுங்கினார்கள் என்று யாரும் பாட்டில் எண்ணெயை வாயில் ஊற்றிவிடாதீர்கள். கேப்ஸ்யூல் வேறு, பாட்டில் வேறு.

கிழக்குக்கரை | சனி, மதியம் 1.30

வணக்கம். நான் சேன்-ஆந்த்ரே. கராங்ஸ் புயல் (2025 பிப்ரவரி 28) எங்க கூரையில பாதியைக் கொண்டுபோச்சு. கூரை மறுபடி வந்துடுச்சு, தூக்கம் வரல. காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை வேர்க்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தகரத்தைத் தொட்டுப் பார்த்துட்டு வருவேன். ஐம்பது வயசு ஆம்பளை, யார்கிட்ட சொல்றது?

என் வீட்டுக்காரம்மா பாண்டிச்சேரியிலேர்ந்து கொண்டுவந்த வெட்டிவேர்க் கட்டு ஒண்ணு பீரோவுல இருந்துச்சு. அதை ஈரமாக்கி ஜன்னல்ல கட்டினாங்க. இங்கே வடிச்ச வெட்டிவேர் எண்ணெய் ரெண்டு சொட்டு கைக்குட்டையில போட்டு, "படபடப்பு வந்தா இதை மோந்து பாத்து மெதுவா மூச்சை விடுங்க"ன்னாங்க. எங்க ஆத்தா வீட்டுக் கோடைக்கால வாசம் அது. தட்டி நனைச்சுத் தொங்க விட்டிருப்பாங்க, அதுல பட்டு வர்ற காத்து. முகர்ந்தா நெஞ்சு இறங்கும். இது நெசம்.

ஃபார்மசி அம்மா சொல்றது சரியாவே இருக்கட்டும், எல்லாம் எதிர்பார்ப்புதான்னே வச்சுக்குவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு அந்த எதிர்பார்ப்பு போதும்.

அக்காவுக்காக | சனி, மதியம் 2.05

இந்தப் பேச்சுல நான் கலந்துக்க வேணாம்னுதான் இருந்தேன். முடியல.

எங்க அக்காவுக்கு ரெண்டாவது பிள்ளை பொறந்ததுக்கப்புறம் மனச்சோர்வு. டாக்டர் செர்ட்ரலின் எழுதிக் கொடுத்தார், பால் கொடுக்கறவங்களுக்கும் கொடுக்கற மருந்துதான்னு விளக்கமா சொல்லி. அஞ்சு வாரத்துல அக்கா பழையபடி பேச ஆரம்பிச்சா, தலை வாரிக்கிட்டா. அப்போ சந்தையில எண்ணெய் விக்கற ஒரு அம்மா, "இந்த ரசாயனம் எல்லாம் பால்ல இறங்கும், உன் பிள்ளைக்கு எதுக்கு அது? செடியே போதும்"னு சொல்லி நாலு சின்ன பாட்டில் கொடுத்தாங்க. 86 யூரோ. அதுல பெருசு ஜெரானியம்.

அக்கா அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டா. ஒரேயடியா. மூணாவது நாள் தலை சுத்தல், குமட்டல், தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குன்னா. அதை அந்த அம்மாகிட்ட போன்ல கேட்டா, "உடம்புலேர்ந்து விஷம் வெளியேறுது, நல்லதுதான்"னாங்க. ஒரு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம் நான் போறேன். பிள்ளை தொட்டில்ல நனைஞ்சு கிடந்து கத்துது. அக்கா சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கா. வாசம் பரப்பற டிஃபியூசர் மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஓடிக்கிட்டிருக்கு. அறை முழுக்க ஜெரானியம்.

அவசர உதவி எண் 15க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மூணு மாசம் ஆச்சு அவ திரும்பி வர.

மாயிதோ அக்கா, உங்களைச் சொல்லல. ஆனா நீங்க எழுதின அதே நரம்பு, அதே அமிக்டலா, அதே ஜெர்மன் ஆய்வு, வரிக்கு வரி அந்த அம்மாவும் சொன்னாங்க.

ஃபார்மசிக்காரி | சனி, மதியம் 2.40

தம்பி, உங்கள் அக்கா மீண்டு வந்ததே பெரிய விஷயம். அந்தக் கரண்ட் அடித்த உணர்வு விஷம் வெளியேறுவது இல்லை. இந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வரும் அறிகுறி அது. நிறுத்த வேண்டுமென்றால் டாக்டர் சொல்படி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நேரத்தில்தான் பலர் நிறுத்துகிறார்கள், அது மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் நேரம்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் இன்னொரு எச்சரிக்கை. மில்பெர்துய் (ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்) என்ற செடியை வாசனை எண்ணெய்களோடு ஒரே தட்டில் அடுக்கி விற்கிறார்கள். அதை வாய்வழி மருந்தாகச் சாப்பிட்டால் லேசான மனச்சோர்வில் உண்மையிலேயே பலன் உண்டு. அதனால்தான் அது ஆபத்தும் கூட. செர்ட்ரலின் போன்றவற்றோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தின் அளவு மீறும், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். செடி என்றால் சாது என்று யார் சொன்னது?

ஓய்வு வாத்தியார் | சனி, மாலை 5.20

சேன்-பியேரிலிருந்து எழுதுகிறேன். வெட்டிவேர் பற்றிச் சொன்ன அன்பருக்கு ஒரு செய்தி. பிரெஞ்சுக்காரர் "வெத்திவேர்" என்று உச்சரித்து வாசனைத் திரவியங்களில் எழுதும் அந்தச் சொல் நம்முடையது. வெட்டி எடுக்கும் வேர், வெட்டிவேர். அந்தச் சொல் கடல் கடந்து, பிரெஞ்சு அகராதியில் ஏறி, இந்தத் தீவின் மேட்டுநிலத்துக்கு ஒரு பயிராக வந்து சேர்ந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது, இங்கேயே பிறந்து வீட்டில் கிரெயோல் மட்டும் பேசி வளர்ந்த நம் மல்பார் (இந்தத் தீவின் தமிழ் வம்சாவளி) பிள்ளைகளின் கண் விரியும். "எங்கள் பாட்டி சொன்ன சொல்லா இது?" என்பார்கள்.

நம் மரபே வாசத்தோடு பின்னிய மரபு. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை, கோவிலில் கற்பூரம், தலையணைக்குள் மருதாணிப் பூ, குழந்தைக்குச் சளி என்றால் தைலம். நம் பாட்டிமார் மனநோய் மருத்துவரைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு இவையே துணை. ஆய்வுத்தாள் இல்லை என்பதால் இத்தனை தலைமுறை அனுபவத்தையும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஃபார்மசிக்காரி | சனி, மாலை 6.00

ஐயா, வணக்கம். சாம்பிராணி வாசம் எனக்கும் பிடிக்கும், வீட்டில் போடுகிறேன். ஆனால் கற்பூரத்தையும் தைலத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள், அதனால் எழுத வேண்டியிருக்கிறது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். நீலகிரித் தைலமும் அப்படித்தான். கற்பூரம், யூகலிப்டஸ் வகைச் சரக்கு சேர்ந்த, ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி மருந்துகளை 30 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று பிரான்ஸிலேயே தடை இருக்கிறது. வலிப்பு உள்ளவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். பெர்கமோட் எண்ணெயைத் தோலில் தடவிக்கொண்டு இந்த ஊர் வெயிலில் போனால் கொப்புளம் கிளம்பும். தூயா, மாசிபத்திரி வகை, சால்வியா போன்ற சில எண்ணெய்களை ஃபார்மசிக்கு வெளியே விற்கவே கூடாது என்று 2007ல் அரசாணை போட்டதும் இதனால்தான்.

பாட்டிமார் பற்றி ஒன்று சொல்லலாமா? கோவிக்காதீர்கள். எங்கள் ஆயா ஆறு மாதம் பேசாமல் இருந்ததாக அம்மா சொல்வார். சோறு வைத்தால் சாப்பிடுவாராம், வைக்காவிட்டால் கேட்கமாட்டாராம். வீட்டில் அதற்கு வைத்த பேர் "காத்து சேஷ்டை". மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், சாம்பிராணி போட்டார்கள். ஆயா எழுந்திருக்கவில்லை. அவர்கள் தாங்கினார்கள் என்பது நமக்குத் தெரிகிறது, எதைத் தாங்கினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஓய்வு வாத்தியார் | சனி, இரவு 8.45

அம்மா, இதைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் சொந்த அண்ணியின் முகம் வந்து நின்றது. தைலம் பற்றி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன், குழந்தைகள் உள்ள வீடுகள் நீங்கள் சொன்னதையே கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நம் ஆட்கள் எண்ணெய்க்கடைக்கு ஓடுவது அறியாமையால் மட்டும் அல்ல. சின்னத் தீவு. மனநல மருத்துவமனை வாசலில் ஒருவரைப் பார்த்தால் மறுநாள் கோவிலில் செய்தி வந்துவிடும், பெண் கொடுக்க யோசிப்பார்கள். எண்ணெய் பாட்டிலை வாங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த வெட்கத்தைப் போக்காமல் எண்ணெயை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மாயிதோ மருமகள் | சனி, இரவு 10.10

அக்காவுக்காக தம்பி, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். சாப்பாடு இறங்கல.

ஆனா நியாயமாச் சொல்லுங்க, நாங்க யாரையும் மாத்திரையை நிறுத்துன்னு சொன்னதே இல்ல. அந்த அம்மா செஞ்சது பாவம். அதுக்காக மலையில வெயில்லயும் பனியிலயும் இலை அறுக்கறவங்க எல்லாரையும் ஒரே கூண்டுல நிறுத்தறதா? ஒரு காலத்துல உலக மார்க்கெட்டே இந்தத் தீவு ஜெரானியத்தை நம்பி இருந்துச்சு. இப்ப எகிப்தும் சீனாவும் டன் கணக்குல வடிக்கறாங்க, நாங்க மிஞ்சினது கைவிரல் விட்டு எண்ணற அளவு. சுற்றுலா வர்றவங்க வாங்கற பத்து மில்லி பாட்டில்தான் எங்க பிழைப்பு.

ஃபார்மசி தங்கச்சி, முகர்றதுக்கு ஆதாரமே இல்லன்னு நீங்க சொல்றதும் முழுசா சரியில்ல. ஜப்பான்ல ககோஷிமா பல்கலைக்கழகத்துல 2018ல எலிகளுக்கு லினலூல் வாசம் காட்டி, பதற்றம் குறையறதைப் பார்த்திருக்காங்க. மோப்பம் இல்லாத எலிகளுக்கு அது வேலை செய்யல. எலிக்கு ஏது எதிர்பார்ப்பு?

ஃபார்மசிக்காரி | ஞாயிறு, காலை 8.00

நல்ல கேள்வி, அக்கா. அந்த ஆய்வு நானும் படித்தேன், எனக்கும் பிடித்த ஆய்வு. எலிக்கு எதிர்பார்ப்பு கிடையாதுதான். மூக்கு வழியாகவே ஏதோ நடக்கிறது என்று அது காட்டுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். நேற்று நான் எழுதியது கொஞ்சம் கறாராகப் போய்விட்டது. காத்திருக்கும் அறையில் வரும் படபடப்பு, ஊசிக்கு முன் பயம், தூங்கப் போகும் நேரம், இங்கெல்லாம் வாசத்துக்கு ஒரு சின்ன இடம் இருக்கிறது.

ஆனால் மனச்சோர்வு அந்தப் படபடப்பு அல்ல. மனச்சோர்வு வந்தவர்களுக்கு மோப்பமே மங்குகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காபி வாசம் தெரியவில்லை, பிள்ளையின் தலை வாசம் தெரியவில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். நோய் அந்த வாசலையே சாத்தி வைத்திருக்கும்போது, அந்த வாசல் வழியாகவே மருந்து கொடுக்கிறேன் என்றால் எப்படி?

கிழக்குக்கரை ஐயா, நீங்கள் செய்வதை நான் ஒருநாளும் தடுக்கமாட்டேன். கைக்குட்டையில் இரண்டு சொட்டு, மெதுவான மூச்சு, நல்லது. ஆனால் கேட்கிறேன், இப்போது தூங்குகிறீர்களா?

கிழக்குக்கரை | ஞாயிறு, காலை 9.35

இல்லம்மா. உண்மையைச் சொல்லணும்னா வெட்டிவேர் ஒரு ராத்திரியைத் தாண்ட வைக்கும், அடுத்த ராத்திரி மறுபடி அதே ரெண்டு மணி. மழைக்காலம் நெருங்க நெருங்க அதிகமாச்சு. அப்புறம் மக பிடிவாதமா சைக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனா. அந்த அம்மா வெட்டிவேரை வேணாம்னு சொல்லல. அதைக் கையில வச்சுக்கிட்டே புயல் நாளைப் பத்திப் பேசச் சொன்னாங்க. தகரம் பறந்த சத்தத்தை நான் வாயால சொன்னது அன்னிக்குத்தான் முதல் தடவை. ஏழு தடவை போயிருக்கேன். இப்ப வாரத்துல அஞ்சு நாள் தூங்கறேன்.

நேத்து "எதிர்பார்ப்பு போதும்"னு எழுதினேன். அதுல பாதியைத்தான் சொன்னேன், மீதி இது.

அக்காவுக்காக | ஞாயிறு, காலை 10.20

மாயிதோ அக்கா, உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. பாட்டிலோட கொடுக்கற துண்டுச் சீட்டுல என்ன எழுதியிருக்கீங்க?

மாயிதோ மருமகள் | ஞாயிறு, மதியம் 12.50

தம்பி, உங்க கேள்வியைப் பார்த்ததும் கடைக்குப் போய் சீட்டை எடுத்தேன். அந்தச் சீட்டை வருஷக்கணக்கா மடிச்சு மடிச்சு பையில போட்டுக் கொடுத்திருக்கேன், ஒரு நாளும் முழுசாப் படிச்சதில்ல. மாமனார் காலத்துல யாரோ எழுதிக் கொடுத்தது. தோலுக்கு நல்லது, கொசு வராது, அப்படியே போகுது. கடைசி வரியில, சின்ன எழுத்துல, பிரெஞ்சுல: "ஆந்தி-தெப்ரெசேர்". மனச்சோர்வு நீக்கும்னு.

உள்ளதைச் சொல்றேன், எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்க அக்காவுக்கு வித்தது நாங்க இல்ல. ஆனா வேற யாரோட அக்காவுக்கு வித்திருப்போம்?

மாமியார்கிட்ட காட்டினேன். "எல்லாரும் போடறதுதானே, அதை எடுத்தா வாங்கறவங்க பக்கத்துக் கடைக்குப் போவாங்க"ன்னாங்க. அவங்க சொல்றதும் பொய்யில்ல. அவங்க கைரேகையில ஜெரானியம் கறை இன்னும் போகாம இருக்கு, அந்தக் கையால வாழ்ந்தவங்க. நான் பதில் பேசல. மகளைக் கூப்பிட்டு ரெண்டு பேருமா மிச்சமிருந்த 140 சீட்டுலயும் அந்தச் சொல்லை மையால அடிச்சோம். புது சீட்டு அச்சடிக்கணும். அதுல என்ன எழுதலாம்னு ஃபார்மசி தங்கச்சி சொல்லணும்.

வாசம் மனசுக்கு இதம்ங்கறதை மட்டும் நான் விட்டுக் கொடுக்கமாட்டேன். அது நான் கண்ணால பார்த்தது.

ஃபார்மசிக்காரி | ஞாயிறு, மதியம் 2.15

விட்டுக்கொடுக்க வேண்டாம் அக்கா. "இதமான வாசம்" என்று தாராளமாகப் போடுங்கள். நோயின் பேர் சொல்லி அதைத் தீர்க்கும் என்று எழுதினால் பிரெஞ்சுச் சட்டத்தில் அந்தப் பொருள் மருந்து ஆகிவிடும், அனுமதி இல்லாமல் மருந்து விற்ற குற்றம் வரும். இதைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, தம்பி எழுதியதைப் படித்த பிறகு உங்களுக்கே தெரியும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "முகர மட்டும். வாயில் விடக்கூடாது. தோலில் தடவ 30 மில்லி நல்லெண்ணெயில் 12 சொட்டுக்கு மேல் வேண்டாம். குழந்தை, கர்ப்பிணி, வலிப்பு, ஆஸ்துமா இருந்தால் முதலில் கேளுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்." கடைசி வரி பெரிய எழுத்தில்.

இடம் மிச்சம் இருந்தால் 3114 என்ற எண்ணையும் போடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அந்த எண், 24 மணி நேரமும், இலவசம், இங்கிருந்தும் எடுப்பார்கள். சைக்காலஜிஸ்ட் விஷயம் பலருக்குத் தெரியவில்லை: "மோன் சுத்தியேன் ப்சீ" என்ற அரசுத் திட்டத்தில் வருஷத்துக்கு 12 தடவை பார்க்கலாம். ஒரு தடவைக்கு 50 யூரோ, அதில் 60 சதவீதம் சோசியல் செக்யூரிட்டி தரும், மீதி பெரும்பாலும் முத்யுவேல் (துணைக் காப்பீடு) பார்த்துக்கொள்ளும். 2024 ஜூனிலிருந்து டாக்டர் கடிதமும் வேண்டாம், நேராகப் போகலாம். லேசான, நடுத்தர அளவு சிரமங்களுக்கு இது. தம்பியின் அக்கா போல நிலைமை இருந்தால் டாக்டர்தான், தாமதிக்கக் கூடாது.

வாத்தியார் ஐயா சொன்ன வெட்கத்துக்கும் இதில் கொஞ்சம் வழி இருக்கிறது. அவர்கள் சாதாரணக் கட்டடத்தில், பல் டாக்டருக்கும் பத்திரம் எழுதும் நோட்டேருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். யார் எங்கே போகிறார்கள் என்று வாசலில் தெரியாது.

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, மாலை 4.00

அந்தச் சீட்டைத் தமிழிலும் அச்சிடுங்கள் அம்மா. பிழை திருத்தித் தருவது என் பொறுப்பு. "நீக்கும்", "தீர்க்கும்", "போக்கும்" என்று எந்த வினையும் அதில் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

மாயிதோ மருமகள் | ஞாயிறு, மாலை 5.30

ரொம்ப நன்றிங்க ஐயா. அச்சானதும் இங்க போடறேன்.

தம்பி, உங்க அக்காவை ஒரு நாள் குழந்தைகளோட மேல கூட்டிட்டு வாங்க. விக்கறதுக்குக் கூப்பிடல. மேகம் இறங்கறதுக்கு முன்னாடி காலையில வந்தா கடல் வரைக்கும் தெரியும், பிள்ளைங்க ஓடி விளையாட இடம் இருக்கு.

அக்காவுக்காக | ஞாயிறு, இரவு 9.15

நீங்க சீட்டுல அடிச்ச அந்தச் சொல்லுக்கு நன்றி, அக்கா. அது எனக்குப் பெருசு.

அக்காகிட்ட நீங்க கூப்பிட்டதைச் சொன்னேன். நல்லவங்களா இருக்காங்கன்னா. ஆனா வரமுடியாதுன்னா. இப்பவும் எந்த வீட்டுலயாவது சோப்புல, மெழுகுவத்தியில ஜெரானியம் வாசம் வந்தா எழுந்து போயி ஜன்னலைத் திறந்துடறா. அந்த வாசம் வந்தா பிள்ளை அழற சத்தம் காதுல கேட்குதாம். நீங்க முதல் பதிவுல எழுதினீங்களே, வாசம் நேரா ஞாபகத்துக்குப் போகும்னு. அது இவளுக்கும் போகுது.

மாயிதோ மருமகள் | ஞாயிறு, இரவு 9.40

புரியுது தம்பி. அப்ப அவங்க வர வேணாம், நான் கீழ வரேன். சேன்-போல் கடற்கரையில வெள்ளிக்கிழமை சந்தை இருக்கே, அங்க பார்ப்போம். வியாழக்கிழமை கொப்பரையில வேலை வச்சுக்கமாட்டேன். தலைக்குக் குளிச்சு, துவைச்ச துணி கட்டிக்கிட்டு வரேன். பிள்ளைங்களுக்கு என்ன பிடிக்கும்னு மட்டும் சொல்லுங்க.